மூடி எடுத்துவந்த சோறு

"லதுஷா! ஏ லதுஷா! ஒனக்குத்தான் புள்ள, மறுபடியும்!"

வேலாயி அக்கா தன் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கத்தியபோது நான், மலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட்டு, லயத்து வரிசை வீடுகளின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். லதுஷா பாடசாலை வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல், குனிந்த தலையோடு ஒவ்வொரு வாசலாகக் கடந்து வந்து ரிசீவரைக் காதில் வைத்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள்.

"யாரு புள்ள?"

"ராங் நம்பர் மாமி."

"ராங் நம்பருக்கு ஒம் பேரு எப்படித் தெரியும்?"

பீலிப் பக்கம் சிரிப்பு எழுந்தது. "கலியாணச் சோறு எப்பன்னு கேட்டுச் சொல்லு வேலாயி," என்றது ஒரு குரல். லதுஷா திரும்பி நடந்தாள். வழக்கமாக வாசலோரக் கழிவுநீர்க் கானைத் தாண்டிக் கால் வைக்கிற பிள்ளை, அன்று வெள்ளைச் சப்பாத்தோடு கான் தண்ணீருக்குள்ளேயே நடந்து போனாள்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவைத்தில் வேலை செய்யும் வேலாயி அக்காவின் மகள் அனுப்பிய காசில் வாங்கியது. கம்பி இல்லாத மேசைப் போன். ஏரியலை மூங்கிலில் கட்டிக் கூரைமேல் நிறுத்தியிருந்தார்கள். ஸ்பிரிங்வெளி ரோட்டில் எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் அப்போது அது ஒன்றுதான். கொழும்பில் கடைகளில் நிற்கும் ஆண்கள் கூப்பிடுவதும் அதில்தான், பாடசாலைக்குக் கொடுத்திருந்ததும் அந்த நம்பர்தான். யாருக்கு வந்தாலும் வேலாயி அக்கா வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கத்துவார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஆனால், யாருக்கு எத்தனை அழைப்பு வந்தது என்பது லயம் முழுக்கத் தெரிந்த சங்கதியாகவும் இருந்தது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு நடுப்பகுதியில், வருகிற அழைப்புகளில் பாதி லதுஷாவுக்கு வந்தது. உயர்தரம் படிக்கிற பிள்ளை, டவுன் பாடசாலை, வெள்ளை உடுப்பு. மீதியை லயம் தானே எழுதிக்கொண்டது.

கொழுந்து மலையில் பேச்சு நிரை நிரையாகப் போகும். லதுஷாவின் அம்மா பெரியாயி அக்காவின் காதுக்கு அது கடைசியாகத்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. புகையும் தாளிக்கிற வாசமும் சண்டையும் அதற்கு மேலால் வந்துபோகும். அன்று சாயந்தரம் அடியின் சத்தம் வந்தது.

"ஒங்கப்பன் கொழும்புல மூட்ட தூக்கிறது இதுக்குத்தானா? நாளையிலேருந்து பள்ளிக்கூடம் வேணாம். கூடைய எடுத்துக்கிட்டு வேலைப் பெரட்டுக்கு வா."

"போன் வந்தா நான் என்னம்மா செய்வேன்?"

"செத்துத் தொலை!"

இது எங்கள் பக்கத்துத் தாய்மார் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. பால் பொங்கினாலும் வரும், பஸ் தவறினாலும் வரும். சொன்னவர்களுக்கு அடுத்த நிமிஷம் ஞாபகம் இருக்காது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்றதும் அப்படித்தான், மறுநாளும் லதுஷா பஸ் ஏறினாள். நானும் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு பகலில், பிள்ளைகள் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தபோது, லதுஷா பாடசாலைக்குப் போகாமல் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். கையில் ஒரு பை. அதில் கலர் பென்சில்கள், கொம்பாஸ் பெட்டி, புதிதாய் உறை போட்ட இரண்டு அப்பியாசக் கொப்பிகள்.

"விஜிதாக்கா, இதெல்லாம் இந்தப் புள்ளைங்களுக்குக் குடுங்க. எனக்கு இனி வேணாம்."

"ஏன் புள்ள, சோதனை இருக்கே?"

"வேணாம்கா."

நான் அவளை உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். பிறகு கேட்காமலே சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு, அன்றன்றே காசு தரும் கைக்காசுக் கொழுந்துக்குப் போயிருக்கிறாள். ரோட்டை ஒட்டிய மலை. மழைக்காக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் கூடைக் கயிற்றோடு நின்றவளை, பஸ்ஸில் போன யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். தோட்டத்து ஆபீஸ் பக்கம் வீடு என்றுதான் வகுப்பில் சொல்லிவைத்திருந்தாள். படத்துக்குக் கீழே 'கொழுந்து மகாராணி, நிறுத்துப் பார்க்க அழைக்கவும்' என்று எழுதி, வேலாயி அக்கா வீட்டு நம்பரையும் போட்டு, போனுக்குப் போன் அனுப்பினார்கள். டியூசன் வகுப்பில், பஸ் ஸ்டாண்டில், பதுளையில் அவள் போகிற இடமெல்லாம் அது அவளுக்கு முன்னால் போய் நின்றது. முதலில் கிலோ என்ன விலை என்று கேட்டார்கள். பிறகு கேட்டவற்றை அவள் எனக்குச் சொல்லவில்லை.

"நான் இல்லாட்டி வேலாயி மாமிக்கும் நிம்மதிதான். போன் அடிக்காதுல்ல," என்றாள். மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எனக்கு உடனே ஜெயரூபன் ஞாபகம் வந்தான். இரண்டு லயம் தள்ளி இருந்த பையன். சோதனையில் பெயிலாகி, வீட்டில் ஏச்சு வாங்கி, கூட்டாளிகளும் கேலி பண்ணி, போய்ச் சேர்ந்துவிட்டான். அவனும் தன்னுடைய கிரிக்கெட் மட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டுத்தான் போனான். அதைப் பிறகுதான் பேசிக்கொண்டோம்.

சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியவில்லை. "சாகணும்னு நினைக்கிறியா புள்ள?" என்று நேராகவே கேட்டேன்.

அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை விடாமலே, "சில நேரம்," என்றாள். பிறகு, "நெறைய நேரம்," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். தூங்குகிற பிள்ளைகள் எழும்பக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ரெங்கம்மா அக்காகிட்ட சொல்லவா? அவங்களுக்கும் சங்கத்துல நாலு பேருக்கும் மட்டும்."

அவள் தலையாட்டினாள்.

எங்கள் பிரிவில் இருப்பது மரண உதவிச் சங்கம். ஆண்கள் பாதிப் பேர் வெளியூரில் நிற்பதால் அதைப் பெண்கள்தான் நடத்தினோம். ரெங்கம்மா அக்கா தலைவி, நான் செயலாளர். கடிதம் எழுத வரும் என்பதால் என்னைப் போட்டார்கள். ஒரு வீட்டில் துக்கம் என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கொட்டகைத் தகரம் ஒரு பக்கம் வரும், பெரிய சமையல் தேக்சாக்கள் இன்னொரு பக்கம் வரும், சொந்தக்காரர்களுக்குச் செய்தி போகும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீடுகளிலிருந்து முறை வைத்துச் சோறு போகும். வீட்டுக்காரர்களைத் தனியே விடுவதில்லை. ஒரு ஆள் எழும்பினால் இன்னொரு ஆள் உட்காரும். ஜெயரூபன் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். வெளித் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்கூட, ஒரு குறை சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மூன்று மணிக்கே மலையிலிருந்து ரெங்கம்மா அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். கூடையோடேயே வந்தார். கேட்டுவிட்டுக் கூடையை இறக்கி வைத்தார். லதுஷாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மற்றவர்களும் வந்த பிறகு சொன்னார்:

"ரூபனுக்கு நாம எல்லாம் செஞ்சோம். ஒண்ணுகூட விட்டுப் போகல. செத்த வீட்டுக்குக் காவல் இருக்கத் தெரிஞ்ச நமக்கு, இருக்கிற புள்ளைக்குக் காவல் இருக்கத் தெரியாதா?"

வேலாயி அக்கா சங்கத்துப் பொருளாளர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாந்தானே கத்தினேன். லயத்துக்கே கேக்குற மாதிரி," என்று சொல்லிச் சொல்லி முந்தானையைப் பிழிந்தார்.

"கத்துனது போதும். இனி போன எடுக்கிறது நீ," என்றார் ரெங்கம்மா அக்கா.

எங்களுக்குத் தெரிந்த முறை துக்க வீட்டு முறை ஒன்றுதான். அதையே எடுத்துக்கொண்டோம். பாடசாலை விட்டு வந்ததிலிருந்து பெரியாயி அக்கா மலையிலிருந்து திரும்பும் வரை லதுஷாவோடு யார், பஸ்ஸில் டவுன் வரை யார், இரவில் துணைக்குப் படுக்க யார் என்று பிரித்துக்கொண்டோம். மரக்கறிப் பாத்திக்கு அடிக்கிற பூச்சி மருந்துப் போத்தல்களை எல்லா வீட்டிலிருந்தும் வாங்கிச் சங்கத்துத் தேக்சாக்கள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். தேவையானவர்கள் பகலில் வந்து கேட்டால், ரெங்கம்மா அக்கா பெட்டியைத் திறந்து தானே கூடப் போவார் என்று முடிவு. யாருக்காக என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற லயம் என்றோம்; அதுவும் உண்மைதான். நான் தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் போய்ப் பேசினேன். பதுளை ஆஸ்பத்திரியில் இதற்கென்று டொக்டர் இருக்கிறார், தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தோம். முறையின்படி சோற்றையும் அதில் சேர்த்திருந்தோம். அதில்தான் பிழை வந்தது.

பெரியாயி அக்கா மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ரெங்கம்மா அக்கா முன்னால், நானும் வேலாயி அக்காவும் பின்னால். மூன்று பேர் கையிலும் வெள்ளைத் துணியால் மூடிய பாத்திரம். அவர் எங்களைப் பார்த்தார். பாத்திரங்களைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

"யாரு? எம்புருசனா? கொழும்புல என்ன?"

"ஒண்ணுமில்ல பெரியாயி..."

"ஒண்ணுமில்லாம மூடிக்கிட்டு வருவீங்களா? லயத்துல யார் வீட்டுக்கு மூடிக்கிட்டு வருவீங்க?"

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. எங்கள் லயத்தில் துணி மூடிச் சோறு போவது துக்க வீட்டுக்கு மட்டும்தான். கொண்டு போனவர்கள் அங்கே கை நனைக்க மாட்டார்கள். பாத்திரத்தை அந்த வீட்டார் திருப்பித் தரவும் மாட்டார்கள். பிறகு நாங்களே போய், வெறும் பாத்திரமாக எடுத்துவர வேண்டும். லதுஷா உள்ளே அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

புருஷனுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. "உசிரோட இருக்கிற வீட்டுக்கு எழவுச் சோறு கொண்டாந்திருக்கீங்களா? என் வீட்டுல யாரு செத்தா? நல்லாருப்பீங்களா நீங்க?"

"யாரும் சாகல," என்றார் ரெங்கம்மா அக்கா. குரலை உயர்த்தவில்லை. "சாகக்கூடாதுன்னுதான் கொண்டாந்தோம்."

பெரியாயி அக்கா கையில் அவிழ்த்த படங்கு அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"என்னடி சொல்றாங்க?"

லதுஷா அடுப்பங்கரை நிலைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நான் சொன்னேனே... அன்னிக்கு... அது சும்மா வாயில வர்ற பேச்சுடி," என்றார். வாசற்படியிலேயே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பற்றியும் அழைப்புகளைப் பற்றியும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் படியின் சிமெந்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். "என்னோட மலைக்கு வந்ததுக்கா?" என்று மட்டும் கடைசியில் கேட்டார்.

ரெங்கம்மா அக்கா மூன்று பாத்திரங்களிலிருந்தும் துணியை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "இந்தா, துணிய எடுத்துட்டேன். இப்ப இது வெறும் சோறு. தட்டு எங்க லதுஷா? எனக்கும் ஒண்ணு எடு. எழவு வீட்டுல நாங்க சாப்புட மாட்டோம்ல? பாரு, சாப்புடுறேன்."

ஐந்து பேரும் அந்தச் சின்ன அறையில் முழங்கால் இடிக்கச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வேலாயி அக்கா கருவாட்டுக் குழம்பில் உப்பைக் கொட்டியிருந்தார். அதைச் சொல்லி ரெங்கம்மா அக்கா ஏசினார். லதுஷா நாலைந்து வாய்தான் சாப்பிட்டாள். பெரியாயி அக்கா சாப்பிடாமல் மகளின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சாயந்தரங்களில் போனைச் சுற்றி எங்களில் இரண்டு பேராவது இருந்தோம். வேலாயி அக்கா வாசலுக்கு வந்து கத்துவதை விட்டுவிட்டார்.

"லதுஷாவா? அவ மாமி பேசுறேன். சாப்புட்டீங்களா தம்பி?" என்பார். பெரும்பாலும் அத்தோடு வைத்துவிடுவார்கள். ஒருவன் வைக்கவில்லை. தினமும் கூப்பிட்டான். ரெங்கம்மா அக்கா ரிசீவரை வாங்கினார்.

"கொழுந்து கிலோ என்ன வெலயா? நீங்களே வந்து பறிச்சுப் பாருங்க தம்பி. கூடைய நான் தாறேன். அட்ட கடிச்சா உப்பும் நான் தாறேன்."

அந்தப் பக்கம் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு குரல், தூரத்திலிருந்து, எங்கள் குரல் மாதிரியே ஒரு குரல், ரிசீவருக்கு வெளியே எங்களுக்கே கேட்கும்படி வந்தது: "டேய் கிஷாந்தா! மாட்டுக்குப் புல்லு அறுத்தியா இல்லயா? அங்க என்னடா இளிப்பு?"

வேலாயி அக்கா வெடித்துச் சிரித்துவிட்டார். ரெங்கம்மா அக்கா சிரிக்கவில்லை. "போங்க தம்பி, அம்மா கூப்புடுது," என்றார். "புல்லு போட்டுட்டுப் பேசுங்க. நாங்க இங்கதான் இருப்போம்." அவன் போனை வைத்துவிட்டான்.

லதுஷா மூலையில் உட்கார்ந்திருந்தாள். "கிஷாந்தனா?" என்றாள். "பஸார்ல மாடி வீடுன்னு சொல்லுவான்." கொஞ்சம் கழித்து, "மாட்டுக்கா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவையும் கேட்டாள்.

"நாளைக்கே பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்றேன், மாட்டுக்காரப் பயன்னு!" என்று எழும்பினார் பெரியாயி அக்கா.

"சொல்லக்கூடாது," என்றார் ரெங்கம்மா அக்கா. "அவனும் ஏதோ ஒரு லயத்துல இருந்துதான் பேசுறான். அங்க அவனுக்குக் காவலா யாரு இருக்காங்களோ, இல்லயோ."

பாடசாலைக்குப் போனோம். பெரியாயி அக்காவும் ரெங்கம்மா அக்காவும் நானும். உப அதிபர் வீரசிங்கம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களை உட்காரச் சொன்னார். நான் நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது பள்ளிக்கூடத்துக்கு வெளியில நடந்த விசயம் எல்லோ? சரி, ஆர் செய்தது எண்டு பேரைச் சொல்லுங்கோ. கூப்பிட்டு விசாரிக்கிறன்."

"பேரு வேணாங்க சேர்," என்றார் ரெங்கம்மா அக்கா.

"பேர் தெரியாமல் நான் என்னெண்டு விசாரிக்கிறது அம்மா?"

"விசாரிக்க வேணாங்க. எல்லாப் புள்ளைங்ககிட்டயும் பேசுங்க. படத்த அழிக்கச் சொல்லுங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம் எங்க லயத்துல ஒரு பையனுக்குக் கொட்டக போட்டோம். இன்னொண்ணு போட முடியாதுங்க எங்களால."

சேர் கண்ணாடியைப் போடாமலே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை இண்டைக்கு வந்திருக்குதோ?" என்று கேட்டார். வந்திருக்கிறாள், பஸ்ஸில் எங்களோடுதான் வந்தாள் என்றோம். "அவவின்ர பேர் வெளியில வராமல் நான் பாக்கிறன்," என்றார். பிறகு, எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பேசினாராம். போன்களை மேசைமேல் வைக்கச் சொல்லி, தானும் கூட நின்று படத்தை அழிக்கவைத்தாராம்.

எல்லாம் அத்தோடு நின்றுவிட்டது என்று எழுத முடியாது. அழைப்புகள் குறைந்தன, நிற்கவில்லை. டியூசனுக்கு லதுஷா பிறகு போகவேயில்லை. சில காலைகளில் உடுப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆஸ்பத்திரிக்கு மிட்வைஃப் மிஸ்ஸோடு போய் வந்தாள். பிறகு தாயும் கூடப் போனார். பெரியாயி அக்கா அந்தப் பழைய பேச்சு வாயில் வரும்போதெல்லாம் பாதியில் கடித்துக்கொள்வார். சுவருக்கு மேலால் எனக்கு அந்தப் பாதி மட்டும் கேட்கும்.

சோறு மட்டும் நிற்கவில்லை. துணி மூடாமல் போனது. ஆனால் எங்கள் பாத்திரங்கள் ஒன்றும் திரும்பவில்லை. பெரியாயி அக்கா கழுவி அடுக்கி வைத்திருந்தார். துக்க வீட்டில் செய்வதுபோலப் போய் எடுத்துவர எங்களில் ஒருவருக்கும் கால் வரவில்லை. அவரும் கொண்டுவந்து தரவில்லை. எங்கள் வீட்டில் என் மகன் மூடியில் சாப்பிட்டான். "ஒரு சங்கமே தட்டில்லாம நிக்குது," என்று வேலாயி அக்கா சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில், மழை விட்ட பிறகு, லதுஷா வெளியே வந்தாள். இடுப்பில் படங்கு. கால் முழுக்கப் பாத்திச் சேறு. முதுகுக் கூடையில் பறித்த காய், கையில் பாத்திரங்களின் அடுக்கு. முதலில் என் வாசலுக்கு வந்து என் கிண்ணத்தை நீட்டினாள். உள்ளே ஈரம் காயாத போஞ்சிக்காய், கிண்ணத்துக்கு மேலாகக் குவிந்திருந்தது.

"அம்மா சொன்னாங்க, வெறுஞ்சட்டியாக் குடுக்கக் கூடாதாம்."

நான் வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவள் ஒவ்வொரு வாசலாக நின்று, கொடுத்து, போனாள். கடைசியாக வேலாயி அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது போன் அடித்தது. பீலிப் பக்கம் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பிறகு தாங்களாகவே குனிந்துகொண்டார்கள். வேலாயி அக்கா ரிசீவரை எடுத்தார். யார் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாது.

"லதுஷாவா? இருக்கு. இங்கதான் நிக்குது. நீங்க யாரு?"

பதில் வருவதற்குக் காத்துக்கொண்டே மற்றக் கையை வாசலை நோக்கி நீட்டினார். லதுஷா தட்டை அந்தக் கையில் வைத்தாள். ஒரு கையால் தாங்க முடியாத கனம். தட்டு சரிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விளிம்பிலிருந்து மழைத் தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது.